பழைய எஸ்டேட் ஜீப்புக்கு எந்த டயர்: நைலானா, ரேடியலா, ரீட்ரேடா?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் எங்களுக்கு ஆறு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. எண்பதுகளில் அப்பா வாங்கிய மஹிந்திரா டீசல் ஜீப்தான் இன்றைக்கும் அதற்கு வண்டி. பழ மூட்டை ஏற்றும், உரம் கொண்டுவரும், ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் சேலம் வரை இறங்கும். போன வருஷம் அதன் ஐந்து டயரையும் ஒன்றாக மாற்ற வேண்டி வந்தது. நாலு பேரிடம் கேட்டேன், நாலு விதமாகச் சொன்னார்கள். மூன்று மாதம் அலைந்து, விசாரித்து, போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். மலையில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டயருக்கு முன்னால் பாதையைச் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் தார். ஏற்காட்டைத் தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பினால் இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செம்மண் பாதை. சேர்வராயன் மலைக்குக் காபி 1820களிலேயே, காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது வந்துவிட்டது. மோட்டார் என்ற பேச்சே இல்லாத காலம் அது. எங்கள் பாதையைப் பார்த்தாலும் சக்கரத்தை நினைத்து வெட்டியதாகத் தெரியாது. ஒரு பக்கம் கருங்கல், ஒரு பக்கம் சரிவு, நடுவில் சில்வர் ஓக் வேர். இதில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதங்களும் காபிப் பழம் பறிக்க ஆரம்பிக்கிற மாதமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில்தான் பாதை சேறாகும். கார்த்திகையில்தான் வண்டியில் மூட்டை ஏறும்.

ஆகவே டயரிடம் இரண்டு வேலை கேட்கிறோம். சேற்றில் ஏற வேண்டும், நனைந்த தாரில் இறங்க வேண்டும். டயர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். நானும் இருபது வருஷமாக அதை மட்டும்தான் கேட்டேன்.

அந்த இருபது வருஷமும் ஓடியது நைலான் பட்டன் டயர், மேலே கட்டி கட்டியாக ரப்பர் நிற்குமே, அது. அளவு 6.00-16, அதாவது அகலம் ஆறு அங்குலம், ரிம் 16 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அளவு அதுதான். நாற்பதுகளின் கடைசியில் மஹிந்திரா இங்கே ஜீப் பூட்ட ஆரம்பித்தபோதும் அதே அளவுதான் வந்தது. ஒல்லியான, உயரமான டயர். உள்ளே நைலான் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அதனால் பக்கச்சுவர் தடிப்பாக, விறைப்பாக இருக்கும். கூரான கருங்கல் பக்கவாட்டில் உரசினாலும் சட்டென்று கிழியாது. ஒல்லியாக இருப்பதும் நம் செம்மண்ணுக்கு ஒரு வசதி. மேலே நாலு விரல் சேறு, அடியில் கெட்டித் தரை. ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போய்த் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதக்கப் பார்க்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை ஒல்லி டயரோடு திருப்புவதும் சுலபம். பஞ்சர் ஆனால் எந்த ஊர் பஞ்சர் கடையிலும் இரண்டு லீவரை வைத்துக் கழற்றிவிடுவார்கள்.

இத்தனை நல்ல குணம் இருந்தும் அந்த டயரை நான் விட்டதற்குக் காரணம் ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பெரிய மழை கூட இல்லை, தூறல்தான். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த ரோட்டில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். முதல் தூறல் அதைக் குழைத்துவிடும். பெருமழையை விட மோசமான நேரம் அதுதான். பாதி மலை இறங்கி ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டேன், அழுத்தக்கூட இல்லை. வண்டியின் பின்பக்கம் தன்பாட்டுக்கு வெளியே நகர்ந்தது. சத்தமே இல்லை. மெதுவாக, யாரோ தள்ளுவது போல நகர்ந்து தடுப்புச்சுவரில் பின் பம்பர் இடித்து நின்றது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டயரில் பழுது ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் பட்டன் மிச்சம் இருந்தது. சேற்றுக்காகச் செய்த டயர் அது. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் சேறு வெளியேற அகலமான இடைவெளி விட்டிருப்பார்கள். அதனால் தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு. ரப்பரும் கெட்டி. வளைவில் திரும்பும்போது விறைத்த பக்கச்சுவர் மிதிக்கிற பட்டையையும் சேர்த்து இழுத்துச் சாய்ப்பதால், தொடுகிற அந்தக் கொஞ்ச ரப்பரும் முழுதாகப் பதியாது. சேற்றில் நம்மைக் காப்பாற்றுகிற அதே அமைப்பு ஈரத் தாரில் கைவிட்டுவிடுகிறது.

இனி ரேடியல். இதில் நூல் சாய்வாகப் போகாது; ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேர்குறுக்காகப் போகும். அதன்மேல், மிதிக்கிற பட்டைக்கு அடியில் மட்டும், எஃகுக் கம்பி வளையம். பிரான்சின் மிஷலின் கம்பெனி 1946இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. பக்கச்சுவர் மெத்தென்று மடங்கிக் கொடுக்கும், மிதிக்கிற பட்டை தட்டையாகவே ரோட்டில் பதிந்து நிற்கும். வளைவில் பிடிப்பு, சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானம் நிதானம் எல்லாம் இந்த ஒரு காரணத்தால் வருவது. குறை பக்கச்சுவரில். மெத்தென்று இருப்பதால் கல் கிழித்துவிடும், கிழிந்தால் ஒட்டவும் முடியாது. ஓரத்தில் கருங்கல் நீட்டிக்கொண்டிருக்கும் பாதையில் ரேடியல் ஓட்டும்போது கண் எப்போதும் சக்கரத்தின் விளிம்பில் இருக்க வேண்டும்.

ரேடியலுக்கு மாறினால் கூடவே ரிம் கணக்கும் வரும். டயர் விலையை மட்டும் பார்த்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். நம் பழைய 16 அங்குல ஒல்லி ரிம்முக்கு ஏற்ற ரேடியல் கடையில் லேசில் கிடைக்காது. 15 அங்குலத்துக்கு இறங்கினால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. ஆனால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து ரிம் வாங்க வேண்டும். போல்ட் ஐந்து, அவற்றின் வட்டம் ஐந்தரை அங்குலம் என்று சொல்லிக் கேளுங்கள்.

15 அங்குலத்தில் இரண்டு அளவுதான் நமக்கு ஒத்துவரும். முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம். 235/75 ஆர்15 போட்டால் உயரம் சுமார் 73 செ.மீ., பழைய டயரோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 215/75 ஆர்15 போட்டால் உயரம் 70 செ.மீ. சொச்சம். வண்டி ஒன்றரை செ.மீ. தாழும், மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனால் சக்கரம் சின்னதாவதால் ஏற்றத்தில் இழுவை சற்றே கூடும். டிரம் பிரேக்குக்கும் பாரம் குறையும். காகிதத்தில் 235தான் ஜெயிக்கிறது. ஒரு நண்பரின் வண்டியிலிருந்து கழற்றி எங்கள் ஜீப்பில் மாட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயரின் உள்விளிம்பு முன்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கில் உரசியது. கொண்டை ஊசியில் முழுதாக ஒடிக்காமல் இந்த வண்டியைத் திருப்ப முடியாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை அசைக்கவே தோள் வலித்தது. அன்றைக்கே 235 ஆசையை விட்டேன். ரிம்மின் உட்குழிவு வேறாக இருந்தால் உங்கள் வண்டிக்குப் பொருந்தலாம். வாங்கும் முன் ஒரே ஒரு சக்கரத்தை மாட்டி இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டை ஒட்டி ஓட்டுவது. லாரித் தொழில் நிறைந்த சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் இது நன்றாகத் தெரிந்த வேலை, செலவும் கம்மி. நானும் பழைய டயர்களைக் கழற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அறுபது வயசு தாண்டியவர். டயரை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. படுக்கப் போட்டு, உள்ளே கையை விட்டு, உள்ளங்கையால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது.

“தம்பி, கையக் குடுங்க. இங்க தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். உள்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு வரிவரியாகத் தடித்திருந்தது, பழைய தழும்பு மாதிரி. ஒரு இடத்தில் நூல் பிரிந்து நுனி குத்தியது.

“காத்துக் கம்மியா வெச்சு மூட்ட ஏத்தி ஓட்டியிருக்கீங்க. நூலு உள்ளயே ஒடஞ்சு கெடக்குது. இதும்மேல புதுப் பட்ட ஒட்டுனா பட்ட நிக்கும், டயரு நிக்காதுங்க.”

“மத்த மூணுங்ண்ணா?”

இரண்டைத் தள்ளி வைத்தார். ஒன்றைத்தான் எடுத்தார். “இது தேறும். ஆனா முன்னாடி போடாதீங்க. மலையில ஓட்டுறவங்களுக்கு முன்னாடி ரீட்ரேட்டு வேண்டாம்னு நான் எப்பவும் சொல்றது.”

வேலையைத் தட்டிக் கழித்துத் தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னவர் பேச்சை நான் நம்புகிறேன். ரீட்ரேட் தன்னளவில் மோசமான விஷயம் இல்லை. அடியில் இருக்கிற கேசிங்கை, அதாவது பழைய டயரின் உடம்பை வைத்துத்தான் அதன் உயிர். எஸ்டேட் ஜீப்பின் கேசிங் லாரி கேசிங் மாதிரி ஒழுங்காக ஓடித் தேய்வதில்லை. கல்லில் இடித்து, காற்றில்லாமல் மடங்கி, வெயிலில் நின்று வெடித்துத்தான் கடைக்கு வருகிறது. சமவெளியில் ஓடும் வண்டி என்றால் யோசிக்கலாம்.

நாலாவதாக ஒன்றை யாராவது உங்களிடம் நீட்டுவார்கள். அதே 6.00-16, விலை கம்மி, ரப்பர் தடிமன், நீளவாக்கில் மூன்று வரிப் பட்டை. அது டிராக்டரின் முன் டயர். அளவு ஒன்றாக இருப்பதால் ஜீப் ரிம்மில் அழகாக உட்கார்ந்துவிடும். பக்கச்சுவரில் ஏ6 அல்லது ஏ8 என்று அடித்திருக்கும்; முன்னது மணிக்கு 30, பின்னது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது என்று அர்த்தம். மூன்று வரியும் டிராக்டரைத் திருப்புவதற்காகச் செய்தவை. முன்னே தள்ளுகிற, பிரேக்கில் நிறுத்துகிற பிடிப்பு அதில் கிடையாது. தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியில் நான் போட்டது 215/75 ஆர்15, ஆல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) ரேடியல், ஐந்தும் புதிது, ஐந்தும் ஒரே மாதிரி. ரொம்ப முரட்டுப் பட்டனும் இல்லாமல், கார் டயர் மாதிரி மழமழவென்றும் இல்லாமல் நடுத்தரமான பட்டை. சேற்றில் சிக்கினால் அரை நாள் போகும், மண்வெட்டி எடுக்கலாம், பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிடலாம். இறக்கத்தில் வழுக்கினால் கூப்பிட ஆள் இருக்க மாட்டார்கள். மாதத்தில் ஆறேழு முறை சேலம் இறங்குகிற எனக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மாரமங்கலம் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகன் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஜீப்பைக் கீழே இறக்குவான், மற்றபடி தோட்டமும் களமும்தான். அவனுக்கு நைலான் பட்டன்தான் சரி என்று நானே கூடப் போய் வாங்கிக் கொடுத்தேன்.

அப்படியானால் என் சேற்றுக்கு வழி? இரும்புச் சங்கிலி. பனி கொட்டும் நாடுகளில் காருக்கும் லாரிக்கும் கட்டுவார்களே, அதேதான். நமக்குப் பனிக்குப் பதில் சேறு. குடகிலும் கேரளத்து மலைத் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் ஜீப்புக்குச் சங்கிலி கட்டுவது பழைய பழக்கம். இங்கே ஏனோ அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் டயரைக் கொண்டுபோய் அளவு கொடுத்து ஒரு ஜோடி செய்துகொண்டேன். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் சங்கிலியை விரித்து, அதன்மேல் அரைச் சுற்று ஏற்றி நிறுத்துவேன். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும், பிறகு வெளிப்பக்கம். ஐம்பது அடி போய் இறங்கி மறுபடி இழுத்து இறுக்கினால்தான் அது டயரோடு ஒட்டும். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயை அறுத்துவிடும். முன்சக்கரம் திரும்புகிற சக்கரம், குழாயும் ஸ்பிரிங்கும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் அங்கே நான் கட்டுவதில்லை. மழை மாதங்களில் மொத்தம் பத்துப் பதினைந்து நாள்தான் கட்ட வேண்டி வருகிறது. திரும்பி வரும்போது தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். ஒரு பர்லாங்குதானே என்று ஓட்டினால் சங்கிலியும் போகும், டயர் பட்டையும் போகும்.

எந்த டயர் போட்டாலும் அதைக் கலந்து போடாதீர்கள். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று ஓடும் வண்டிகளை அடிவாரத்தில் நிற்கும்போது பார்க்கிறேன். வளைவில் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். நம் ஜீப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாலு சக்கர கியரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், நடுவில் விட்டுக்கொடுக்க டிஃபரென்ஷியல் கிடையாது. முன் டயரும் பின் டயரும் சுற்றளவில் வேறுபட்டால் அந்த வித்தியாசம் முழுக்க கியர் பெட்டியிலும் ஜாயின்ட்டிலும் முறுக்காக ஏறும். சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது. அதனால்தான் தார் வந்ததும் நாலு சக்கர கியரை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றி மாற்றுகிறேன், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஐந்தும் ஒன்றாகத் தேயும், ஸ்டெப்னியும் மாட்டிய இடத்திலேயே கிழடாகாது.

காற்று விஷயத்தில் மலைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: மேலே ஏறினால் காற்று கூடிவிடும், சேலத்திலேயே குறைத்துப் பிடிக்க வேண்டும் என்று. பாதி நிஜம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி வெயிலில் பிடித்த காற்று மேலே 20 டிகிரிக்கு ஆறும்போது கிட்டத்தட்ட அதே 2 பிஎஸ்ஐ இறங்கிவிடுகிறது. கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஏறி வந்த சூட்டோடு அளந்துவிட்டு, கூடுதல் என்று காற்றை இறக்குவதுதான் தப்பு. மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். நான் காலி வண்டிக்கு முன்னால் 26, பின்னால் 30 வைக்கிறேன்; மூட்டை ஏற்றுகிற நாளில் பின்னால் இன்னும் ஆறு கூட்டுவேன். சேற்றில் காற்றை இறக்கி ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்முடையது டியூப் டயர். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும், டியூப்பின் மவுத்து அடியோடு பிய்ந்துவிடும். 20க்குக் கீழே நான் போவதில்லை.

டியூப் இல்லாமல் போடலாமே என்று கேட்பார்கள். பழைய ரிம்மில் வெல்டிங் வழியே காற்றுக் கசியும், வளைவில் டயர் விளிம்பு நழுவாமல் தடுக்கிற மேடும் அதில் இருக்காது. புது ரிம் வாங்கினால் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ரேடியலுக்கான டியூப்பே போட்டேன். மாட்டும் முன் ரிம்மின் உள்பக்கத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காய விட வேண்டும். துருச் செதில்தான் டியூப்பை மெதுவாக அறுக்கும். ஆணி இல்லாமல் வருகிற பஞ்சர் பாதிக்கு அதுதான் காரணம். டியூப்பில் பவுடர் தூவ மறக்காதீர்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைத் தேடிப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பழைய அளவு டயர் கடையில் வருஷக்கணக்கில் தூங்கும், புதுசு என்றே விற்பார்கள். 6.00-16 வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓடாமலே நிற்கிற டயர் சீக்கிரம் வெடிக்கும். ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்கக் கலந்த பொருள், டயர் சுற்றி மடங்கும்போதுதான் மேலே கசிந்து வந்து காக்கும். ஆகவே தோட்டத்தில் வேலை இல்லாத மாதத்திலும் வாரம் ஒரு முறை வண்டியை நகர்த்துகிறேன். நிற்கிற இடத்தில் டீசல் சிந்தாமல் பார்த்துக்கொள்கிறேன், டீசலில் நின்ற ரப்பர் ஊதிப்போகும். தேய்மானத்துக்குச் சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. கொண்டை ஊசியில் மழைநாளில் இறங்குகிறவர் 3 மி.மீ.லேயே மாற்றிவிடுவது நல்லது.

புது டயர் போட்டு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த வளைவில் இப்போதும் வேகத்தைக் குறைத்துத்தான் இறங்குகிறேன், பின்பக்கம் நகரவில்லை. ஒரே ஒரு பக்கச்சுவர்க் கீறல், மேலோட்டமானது. பாதை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கல்லை ஆளை வைத்து உடைத்தாயிற்று. நேற்று சாக்கிலிருந்து சங்கிலியை எடுத்து விரித்துப் பார்த்தேன். குறுக்குச் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்குள் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.